"ஃபியூஸ் எங்க பாப்பா?"

பிளாஸ்டிக் கருகும் வாடை முதலில் அம்மாவுக்குத்தான் வந்தது.

உளுந்தூர்பேட்டையைத் தாண்டி திருச்சி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டியது நான். பக்கத்து சீட்டில் அப்பா. பின் சீட்டில் இருந்த அம்மா, "எங்கயோ குப்பைய எரிக்கிறாங்க, கண்ணாடிய ஏத்துடி" என்றார். ஏற்றினேன். வாடை குறையவில்லை, கூடியது. அப்பாவின் காலடியில், கார்ப்பெட்டின் ஓரத்தில் இருந்து நூல் மாதிரி ஒரு புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"நிறுத்து" என்றார் அப்பா.

ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருகி வெளியே எடுத்துவிட்டேன். இன்ஜின் நின்றது. புகை நிற்கவில்லை. அந்த ஒரு நொடியில் எனக்கு வயிறு கலங்கியது. சாவியை எடுத்த பிறகும் எது எரிகிறது? அம்மாவை இறக்கி தூரமாக நிற்கச் சொன்ன அப்பா, பானெட்டைத் திறந்துவிட்டு, டீக்கடை ஓரம் நின்ற லாரியைப் பார்த்துக் கத்தினார். "அண்ணே, பத்தாம் நம்பர் ஸ்பேனர்!" லாரி டிரைவர் அண்ணன் எதுவும் கேட்காமல் ஸ்பேனரோடு ஓடி வந்தார். அப்பா பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். புகை மெலிந்து, அடங்கியது.

பிறகு அவர் பாசிட்டிவ் முனையில் இருந்து கிளம்பிய ஒரு தடித்த சிவப்பு வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். அது நேராக இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டின் ஓட்டைக்குள் நுழைந்து காருக்குள் போனது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஃபியூஸ் எங்க பாப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வயர், மூன்று வாரத்துக்கு முன்பு நான் ஆசை ஆசையாக மாட்டிய சப்-வூஃபருக்குப் போகும் வயர்.

அது என் முதல் கார். செகண்ட் ஹேண்ட் வேகன் ஆர், 2016 மாடல். ஸ்டீரியோவும் முன் கதவுகளில் இரண்டு ஸ்பீக்கர்களும் இருந்தன. பாட்டு கேட்கும், ஆனால் தவில் இல்லாத நாதஸ்வரக் கச்சேரி மாதிரி இருக்கும். நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். காலையில் தங்கம் விலை, மதியம் மழை நிலவரம், சாயங்காலம் 'உங்கள் காருக்கு ஏற்ற ஐந்து சப்-வூஃபர்கள்' என்று எழுதும் பிழைப்பு. ஆமாம், அப்படி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். கம்பெனிகள் அட்டைப்பெட்டியில் அச்சடித்த வாட்ஸ் எண்களைப் பார்த்து வரிசைப்படுத்தி, படங்களைக் கோத்து 40 நிமிடத்தில் ஏற்றிய கட்டுரை. நன்றாகவே ஓடியது. கடைசியில் அதை எழுதிய நானே அதை நம்பி கடைக்குப் போனேன்.

கடையில் 12 இன்ச் சப்-வூஃபர் ஒன்றை ரெடிமேட் பெட்டியோடு காட்டினார்கள். அதை ஓட்ட நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர், மேலே '1,600 வாட்ஸ்' என்று வெள்ளி எழுத்து. வயரிங் கிட் இலவசம். தம்பி ஒருத்தன் 50 நிமிடத்தில் மாட்டி முடித்தான். அவன் வேகத்தைப் பார்த்து அசந்துபோய் 100 ரூபாய் டிப்ஸ் வேறு கொடுத்தேன்.

முதல் நாளே இரண்டு தொந்தரவுகள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் கொசு பறப்பது மாதிரி ஒரு 'ஙொய்ய்'. வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். இன்னொன்று, 20 நிமிடம் பாட்டு ஓடினால் சப்-வூஃபர் சட்டென்று ஊமையாகிவிடும். பத்து நிமிடம் கழித்துத் தானாக உயிர் வரும். "புதுசுல அப்படித்தான் மேடம் இருக்கும், செட்டாயிடும்" என்றார்கள் கடையில். நம்பினேன்.

அப்பாவிடம் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தும் விஷயம்.

துறையூரில் என் அப்பாவை இன்றைக்கும் 'ரேடியோ செட்டுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். காதுகுத்து, கல்யாணம், மாரியம்மன் திருவிழா எதுவானாலும் வேப்ப மரத்திலும் மூங்கில் கம்பத்திலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, அஹுஜா ஆம்ப்ளிஃபையரை மரப்பெட்டி மேல் வைத்துப் பாட்டுப் போடுவார். 16 வயதில் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாக பத்து குழாய்கள், இரண்டு ஆம்ப்கள், சீரியல் செட் விளக்குகள் என்று சேர்த்தார். பத்தாம் வகுப்பு தாண்டாத அவர் ஒவ்வொரு ஸ்பீக்கரின் முதுகிலும் சாக்பீஸால் '16', '8' என்று எழுதி வைத்திருப்பார். அது விலை என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஓம் கணக்கு என்று இப்போதுதான் தெரிந்தது.

2014-ல் தொழிலை விட்டார். டி.ஜே. பெட்டிகள் வந்துவிட்டன, குழாயைக் கூப்பிட ஆள் இல்லை என்பது வெளியே சொல்லும் காரணம். சொல்லாத காரணம், காது. முப்பது வருடம் ஆம்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவர். திருச்சியில் காது டாக்டர் எடுத்த பரிசோதனைத் தாளில் கோடு தாழ்ந்த சத்தங்களில் ஓரளவு நேராகவே வந்து, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கிணற்றுக்குள் இறங்குவது போல விழுந்திருந்தது. அதிக சத்தத்தால் கெடும் காதுகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முதலில் அடி வாங்கும். ஆள் பேசுவது கேட்கும், ஆனால் ச, த, ப எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பும். அம்மா 'சோப்பு' என்பார், அப்பா 'தோப்புக்கு எதுக்கு இந்நேரத்துல?' என்பார். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அது பீரோவில் இருக்கிறது.

குழாய்களை அலுமினிய விலைக்கு எடைக்குப் போட்டார். அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் பற்றி யாரும் பேசுவதில்லை. காது கேட்காத மனிதரிடம் போய் 'எந்த சப்-வூஃபர் வாங்கலாம்?' என்று கேட்பது புண்ணில் விரல் வைப்பது போலத் தோன்றியது. அப்படித்தான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையில், குழாய் கட்டிய காலத்து மனிதருக்கு கார் ஆடியோ என்ன தெரியும் என்ற நினைப்பும் எனக்குள் இருந்தது.

அன்று ரோட்டோரத்தில் அந்தச் சிவப்பு வயரை மட்டும் பேட்டரியில் இருந்து கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு, மற்றதை மாட்டி துறையூர் வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை வாசலில் பாயை விரித்து, மொத்த வயரையும் உருவிப் போட்டார் அப்பா. ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலில் புகைந்த இடம். இரும்புத் தகட்டில் ஓட்டை போட்டவர்கள் அதில் ரப்பர் வளையம் மாட்டவில்லை. கார் அதிர அதிர, தகட்டின் கூர்மையான விளிம்பு வயரின் தோலை அரம் போல அறுத்திருக்கிறது. உள்ளே இருந்த கம்பி பாடியைத் தொட்டுத் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. அந்த வயர் நேராக பேட்டரியில் இருந்து வருவதால் சாவியை எடுத்தாலும் அதில் கரன்ட் நிற்காது. 12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காதே என்று அலட்சியமாக இருக்கிறோம். ஆனால் ஷார்ட் ஆனால் ஒரு கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். வயர் அடுப்புக்கம்பி மாதிரி பழுத்துவிடும்.

"ஆம்புல ஃபியூஸ் இருக்கேப்பா" என்றேன். இருந்தது, டிக்கியில், 30 ஆம்பியர்.

"அது ஆம்பைக் காப்பாத்தும். நடுவுல நாலு மீட்டர் வயர் போகுதே, அதை யாரு காப்பாத்துவா?"

அதுதான் விஷயம். பேட்டரிக்குப் பக்கத்தில், அதிகபட்சம் ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். வயர் எங்கே அறுந்து பாடியைத் தொட்டாலும் அந்த ஃபியூஸ் முதலில் போய்விடும், கார் பிழைக்கும். உங்கள் காரில் தனியாக ஆம்ப் மாட்டியிருந்தால், இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போய் பானெட்டைத் திறந்து ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்து வயர். அப்பா பிளேடால் ஒரு கம்பி இழையைச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குகூட இது கடத்தாது, சீக்கிரம் சூடாகும். தோலோடு பார்த்தால் விரல் தண்டி, தோலை உரித்தால் சுண்டு விரலில் பாதி. பாக்கெட்டில் '8 கேஜ்' என்று போட்டிருந்தது. கேஜ் கணக்கில் எண் குறையக் குறைய வயர் தடிக்கும். 4 கேஜ், 8 கேஜைவிடப் பெரியது. இதையும் என் கட்டுரையில் தலைகீழாக எழுதியிருந்தேன்.

"ஆக்சிலேட்டர மிதிச்சா சத்தம் ஏறுதுன்னியே, இன்ஜின் வேகத்தோட சேந்தே ஏறுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பின் சீட்டுக்கு அடியில் எர்த் வயரைப் பார்த்தார். பெயின்ட் மேலேயே ஒரு ஸ்க்ரூவைத் திருகி விட்டிருந்தார்கள். பெயின்ட் கரன்ட்டைக் கடத்தாது. ஸ்க்ரூவின் மரை தொடும் கொஞ்ச இடம்தான் எர்த். போதாக்குறைக்கு, ஸ்டீரியோவில் இருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. வயரையும் பேட்டரி வயரையும் ஒரே கட்டாக டேப் சுற்றி இழுத்திருந்தார்கள். ஆல்டர்னேட்டரின் இரைச்சல் பாட்டுக்குள் நுழைய இரண்டு வாசல்.

அந்த 'ஙொய்ய்' சத்தம் அப்பாவுக்குக் கேட்கவே கேட்காது. நான் சொன்னதை வைத்தே கண்டுபிடித்தார்.

சப்-வூஃபர் ஊமையானதற்குக் காரணம் ஓம். எங்கள் 12 இன்ச்சில் தலா 4 ஓம் கொண்ட இரண்டு காயில்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சீரிஸில் இணைத்தால் கூட்டல், 8 ஓம். பேரலலில் இணைத்தால் பாதி, 2 ஓம். கடையில் பேரலலில் இணைத்திருந்தார்கள். ஆம்பின் இரண்டு சேனலைச் சேர்த்து, அதாவது பிரிட்ஜ் செய்து, அதற்குக் கொடுத்திருந்தார்கள். அப்படிப் பிரிட்ஜ் செய்தால் 4 ஓமுக்குக் கீழே போகாதே என்று ஆம்பின் அடியிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. ஓம் பாதியானால் ஆம்ப் இழுக்கும் கரன்ட் இரண்டு மடங்கு ஆகும். சூடாகும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும்.

"ஒத்த மாட்டுல ரெண்டு வண்டியப் பூட்டுனா எவ்ளோ தூரம் இழுக்கும்? கொஞ்ச தூரம் இழுக்கும். அப்புறம் படுத்துரும்" என்றார் அப்பா. "உன் ஆம்புக்கு அறிவு இருக்கு, படுத்துருச்சு. என் பழைய ஆம்பா இருந்தா வெந்துருக்கும்."

'1,600 வாட்ஸ் ஆம்புக்கு ஒரு 12 இன்ச்சை இழுக்க முடியாதா?' என்று எனக்கு ரோஷம். அப்பா ஆம்பின் ஃபியூஸைப் பிடுங்கிக் காட்டினார். 30 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது காரில் சுமார் 13.8 வோல்ட் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 414 வாட்ஸ். இது உள்ளே போவது. இந்த மாதிரி ஏ-பி வகை ஆம்பில் அதில் 60 சதவிகிதம் போல வெளியே வந்தாலே பெரிது, மீதி சூடாகப் போகும். ஆக, நிஜத்தில் 250 வாட்ஸ் பக்கம். டி வகை ஆம்ப் என்றால் 80 சதவிகிதம் வரை வரும். அட்டைப்பெட்டியில் என்ன எண் இருந்தாலும் சரி, ஃபியூஸ் பொய் சொல்லாது. கடையில் நிற்கும்போது செய்து பார்க்க இதைவிடச் சுலபமான கணக்கு எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் 'மேக்ஸ்', 'பீக்' என்று போட்டிருக்கும் எண்களை விட்டுவிட்டு 'ஆர்.எம்.எஸ்' என்று எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். தொடர்ந்து தரக்கூடிய பவர் அதுதான்.

அந்த நான்கு நாள் லீவில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அப்பாவுக்கும்தான். ஆம்பை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவாக இறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா எட்டிப் பார்த்து, "பத்து வருஷம் கழிச்சு ரேடியோ செட்டுக்காரர் வந்துட்டாரு" என்றார். அப்பாவுக்கு அது கேட்டதா என்று தெரியாது.

லீவு முடிந்து சென்னை கிளம்பும்போது அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

சென்னையில் கார் சாமான் என்றால் அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடுதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று முழுப் பெயர் சொன்னால் ஆட்டோக்காரரே யோசிப்பார். சீட் கவர், ஹாரன், கண்ணாடி, ஸ்டீரியோ என்று வரிசையாகக் கடைகள். அப்பா சட்டைப் பையில் பிளேடோடு வந்திருந்தார். ஒவ்வொரு கடையிலும் வயரைக் கேட்டு வாங்கி, நுனியைச் சுரண்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். நான்காவது கடையில் முழுச் செம்பு கிடைத்தது. எங்கள் ஆம்புக்கு 8 கேஜ் போதும். "ஒரு சைசு மேலயே போட்டுருவோம்" என்று 4 கேஜ் வாங்கினார். பழைய கிட் மொத்தத்துக்கும் கடையில் சொன்ன விலையைவிட இந்த ஐந்து மீட்டர் வயரின் விலை அதிகம்.

சப்-வூஃபர் கடையில் பெரிய டெமோ. இரண்டு 12 இன்ச், கண்ணாடி ஷோகேஸ் அதிர அடித்துக் காட்டினார்கள். ஒரு பையன் அப்பாவிடம் ஏதோ கேட்டான். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். அவன் பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பி, "காதே கேக்கல, இவருக்கு எதுக்குடா சப்-வூஃபர்?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அப்பா அதற்குள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு பாட்டு முழுக்க அப்படியே. பிறகு பக்கத்தில் சின்னதாக இருந்த 10 இன்ச்சைப் போடச் சொல்லி அதன் மேலும் கை வைத்தார். "இது அடிச்சதும் நிக்குது. அது அடிச்ச பிறகும் ஆடிக்கிட்டே கெடக்கு. இதை எடு." பையன் வாயே திறக்கவில்லை.

அவர் சொன்னதில் கணக்கும் உண்டு. வேகன் ஆர் மாதிரி சின்ன கேபினில் தாழ்ந்த சத்தம் இயல்பாகவே பெருகும். ஒரு 10 இன்ச் போதும். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற சுமார் பத்து மடங்கு பவர் வேண்டும். 150-ஐ 300 ஆக்குவதற்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் பெட்ரோலுக்குப் போகலாம். அதனால் ஒற்றைக் காயில், 4 ஓம், 10 இன்ச். அதே பழைய ஆம்பில் பின் சேனல் இரண்டையும் பிரிட்ஜ் செய்து சப்-வூஃபருக்கு 150 வாட்ஸ், முன் சேனல்களில் கதவு ஸ்பீக்கர்களுக்கு தலா 50. ஆம்பை மாற்றவே தேவைப்படவில்லை. 12 இன்ச்சை ஆபீஸ் நண்பர் வாங்கிக்கொண்டார். அவரிடம் 2 ஓமைத் தாங்கும் மோனோ பிளாக் இருந்தது. அதற்கு அது சரியான ஜோடி.

பெட்டி இல்லாமல் சப்-வூஃபர் வேலை செய்யாது. கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஓட்டை வைத்த பெட்டி அதிக சத்தம் தரும், இடமும் அதிகம் பிடிக்கும். மூடிய பெட்டி சின்னது, அடி சுத்தமாக இருக்கும். என் தெருவில் கட்டில் செய்யும் ஆசாரி, 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப் பலகையில், உள்ளளவு 40-க்கு 30-க்கு 17 சென்டிமீட்டர் என்று செய்து கொடுத்தார். சுமார் 20 லிட்டர் காற்று. மூட்டுகளில் சிலிக்கான் பூசி முடித்ததும் அப்பா கூம்பை உள்ளங்கையால் மெதுவாக அழுத்திவிட்டார். அது சோம்பேறி மாதிரி மெல்லத் திரும்பி வந்தது. "லீக் இல்ல" என்றார். அம்மா போனில் கேட்ட ஒரே கேள்வி, "25 கிலோ அரிசி மூட்டை டிக்கில போகுமா?" போகும். நிற்க வைத்தால்.

ஞாயிற்றுக்கிழமை, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வேலை ஆரம்பித்தது. கடைத் தம்பி 50 நிமிடத்தில் முடித்ததை நாங்கள் காலை எட்டு மணியில் இருந்து மாலை நான்கு வரை செய்தோம். முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றினோம். பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்தில் 40 ஆம்பியர் ஃபியூஸ். தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம், அதற்கு மேல் பிளாஸ்டிக் குழாய்க்குள் வயர். பேட்டரி வயர் வலது பக்க வாசல் ஓரமாக, ஆர்.சி.ஏ. வயர் இடது பக்கமாக. எர்த்துக்கு உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, போல்ட் நட் போட்டோம். அதுவும் அதே 4 கேஜ், அரை மீட்டருக்குள். ஸ்டீரியோவில் இருந்து வரும் நீல-வெள்ளை வயர் ஆம்பை எழுப்பும் வயர். சிலர் சோம்பல்பட்டு அதை பேட்டரியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஆம்ப் ராத்திரி முழுக்க விழித்திருக்கும், காலையில் கார் ஸ்டார்ட் ஆகாது.

கடைசியாக ஃபியூஸைச் சொருகினோம். ஒன்றும் புகையவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்தேன். 'ஙொய்ய்' இல்லை.

மிச்சம் இருந்தது கெய்ன். நிறைய பேர், நானும்தான், அதை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பி வைக்கிறோம். ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலுக்கும் ஆம்புக்கும் அளவு பொருத்தும் திருகு அது. அதிகம் வைத்தால் அலையின் தலை வெட்டுப்படும், ஸ்பீக்கரின் காயில் கருகும். ஆம்பில் சப்-வூஃபரை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் பாடும்படி வெட்டினோம். அந்தத் தாழ்ந்த சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் டிக்கியில் இருந்தாலும் பாட்டு முன்னாலிருந்தே வருவதாகத் தோன்றும். பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டாது.

கெய்னைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமுக்கு ஏற்றிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கெய்னைத் திருப்ப வேண்டும். பாட்டு எங்கே 'கர்'ரென்று உடைகிறதோ, அங்கிருந்து கொஞ்சம் பின்னால் வர வேண்டும். அப்பா டிக்கியில் குனிந்து ஸ்க்ரூ டிரைவரைத் திருகில் வைத்தார். கொஞ்சம் திருப்பினார். நிறுத்தினார். என்னைக் கூப்பிட்டார்.

"உடையற சத்தம் எனக்குக் கேக்காது பாப்பா. நீ உள்ள உக்காந்து கேட்டுச் சொல்லு."

அவர் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். வீட்டில் எத்தனை சண்டை, டி.வி. வால்யூமுக்காக, காது மெஷினுக்காக. 'எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுக்கிறீங்க' என்பதே எப்போதும் பதில். நான் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக அவரது முதுகு தெரிந்தது.

"ஏத்துங்கப்பா... ஏத்துங்க... போதும், போதும், உடையுது."

கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கொஞ்சம் இறக்கினார். பிறகு சப்-வூஃபரின் இரண்டு வயரையும் பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டிவிட்டு, ஓடி வந்து முன் சீட்டில் உட்கார்ந்து உள்ளங்கையை டேஷ்போர்டில் வைத்தார். மறுபடி போய் மாற்றினார், மறுபடி வந்தார். "மொதல்ல இருந்ததுதான் சரி. ரெண்டாவதுல கதவு ஸ்பீக்கரும் அதுவும் எதிரும் புதிருமா தள்ளுது." என் காதுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் கண்டுபிடித்தது அவர் கை.

அன்று இரவு பழைய கட்டுரையைத் திறந்து, வாட்ஸ் வரிசையைத் தூக்கிவிட்டு, ஃபியூஸ் பற்றி முதல் பத்தியில் எழுதினேன். எடிட்டர், "இதுக்கு யாரு கிளிக் பண்ணுவா?" என்று கேட்டுவிட்டு ஓகே சொன்னார்.

எங்கள் செட்டில் ஜன்னல் அதிராது. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார். 90 டெசிபலில் வாரத்துக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் இருக்கும் எனக்கு அந்தக் கணக்கு இரண்டு நாளில் முடிந்துவிடும். போனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போட்டுவைத்திருக்கிறேன். துல்லியமாக இருக்காது, ஆனால் வால்யூமை நோக்கிக் கை போகும்போது ஒரு உறுத்தலைத் தரும்.

செவ்வாய்க்கிழமை அப்பாவை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். அடுத்த மாதம் காது டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் போட்டிருப்பதாகச் சொன்னேன். "பாப்போம்" என்றார். அவருக்குப் பிடித்த பழைய இளையராஜா பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, திருவிழாக்களில் முதல் ஆளாகக் குழாயில் போடும் பாட்டு. குழாயில் பேஸ் கிடார் கேட்கவே கேட்காது. முப்பது வருடம் போட்ட பாட்டில் அப்படி ஒன்று ஓடுவதே தெரியாமல் இருந்திருக்கிறேன் என்றார். சீட்டில் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்ட் வாசலில் நிறுத்தினேன். இறங்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"இந்த எடத்துல சலங்கைச் சத்தம் வரும். வருதா?"

"வருதுப்பா."

"ம்ம்" என்று தலையாட்டிக்கொண்டே, சரியாக அந்தத் தாளத்துக்குத் தொடையில் விரலால் தட்டினார். பாட்டு முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நாலடி போனவர் திரும்பி வந்து, சட்டைப் பையில் இருந்து எதையோ எடுத்து ஜன்னல் வழியாக என் கையில் வைத்தார். இன்னொரு 40 ஆம்பியர் ஃபியூஸ்.

"ஸ்பேர். டேஷ்போர்டுலயே கெடக்கட்டும். போனதும் அப்படியே மாத்திறாத. ஏன் போச்சுன்னு பாத்துட்டு மாத்து."

துறையூர் பஸ் கிளம்பும் நேரம் என்று அறிவிப்பு வந்தது. அவருக்குக் கேட்கவில்லை. நான் கை காட்டினேன், வேகமாக நடந்தார்.